கீழ்வீட்டுக் காது

செல்லூரில் மாடிவீடு.
முப்பது கட்டைகள், எல்லாம் வேம்பு.
தேக்குக்குச் சம்பளம் எட்டவில்லை.
ஒவ்வொன்றின் வாலிலும் பொட்டளவு காந்தம்;
எதிரே கண்ணாடிக் குழலுக்குள்
மயிரிழை விட்டு இரண்டு தகடு.
டவுன்ஹால் ரோட்டில் அறுபது வாங்கினேன்.
காலை வளைக்கும்போதே பத்தொன்பது உடைந்தது.

மைக்ரோகன்ட்ரோலர் நானூறு ரூபாய்.
பொல்லாத சுறுசுறுப்பு அதற்கு:
ஒரு மிதிக்கு ஒன்பது சுரம் எண்ணியது.
தகடு தொட்டதும் துள்ளுமாம்.
ஐந்து மில்லிசெகண்ட் பொறு
என்று ஒரு வரி எழுதினேன்.
பொறுத்தது.

பதினொரு மணிக்கு மேல்
காதில் ஹெட்போன், காலில் சாக்ஸ்.
எனக்கு ஆலயமே அதிரும்.
கீழே துளசிராம் வீட்டில்
டொக். டொக். டொக்.

வாடகையோடு இறங்கினேன்,
காலி பண்ணச் சொன்னால் என்ன சொல்வது என்று
படிக்குப் படி ஒத்திகை பார்த்தபடி.
எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தவர்
என் காதோரம் வந்து கத்தினார்:
"ஆசீர் சார், எங்க பீரோவுக்கு நேர் மேல ஒண்ணு
ரெண்டு தடவை தட்டுது.
போல்ட்டைப் பாருங்க."

அவர் பீரோவுக்கு மேல் என் வீட்டில் என்ன வரும்?
ஜன்னலிலிருந்து கயிறு பிடித்து அளந்தேன்.
பதின்மூன்றாம் கட்டை.
கோடு சரி, வயர் சரி, பற்றவைப்பு சரி.
அடியில் ஒரு நட்டு
அரைச்சுற்று தளர்ந்திருந்தது.

முடுக்கிவிட்டு, இரவில்
அதை மட்டும் ஒருதரம் மிதித்தேன்.

கீழிருந்து கம்பால் ஒரு தட்டு.
சரி என்கிறாரா
தூங்கு என்கிறாரா, தெரியவில்லை.