ஆறும் ஐந்தும்

கடைசி முன்பல்லைக் கொண்டுபோனது
ஒரு சூரியகாந்தி விதை.
ரூசே நகரத்தில் பதினெட்டாம் எண் குடியிருப்பு,
வாசலில் பச்சைப் பெஞ்சு.
ஆட்டத்தின் நடுவே
உமியோடு சேர்த்துத் துப்பிவிட்டார் ஸ்தாமென்.
யாரும் கவனிக்கவில்லை.
அவரும் குனிந்து தேடவில்லை.
எது பல் எது உமி என்று
விளக்குமாற்றுக்கா தெரியும்?

மறுநாள் மருந்துக்கடை.
பெயர் கேட்டாள் அந்தப் பெண்.
சொன்னார்.
"என்ன?" என்றாள்.
இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.
முப்பத்தெட்டு வருடம் கிரேன் உச்சியிலிருந்து
டான்யூபின் அக்கரைக்குக் கேட்கக் கத்திய பெயர்.
அதன் முதல் இரண்டு எழுத்தும் காற்றாய்க் கழன்று
கண்ணாடித் தடுப்பில் எச்சிலாய் ஒட்டின.
அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.
அன்றிலிருந்து அட்டைதான் பேசுகிறது.

பல்செட்டு இல்லாமல் இல்லை.
மூன்று மாத ஓய்வூதியத்தை விழுங்கிய செட்டு,
ஈறைத் தின்னும், ரொட்டியைத் தின்னாது.
பழைய ஊறுகாய் ஜாடியில் கிடக்கிறது.
லேபிளில் இன்னும் வெள்ளரிக்காய்ப் படம்.

பெஞ்சுக்குப் போவது நின்றது.
முதல் வாரம் முழங்கால் வலி என்றார்.
மூன்றாம் வாரம் காரணம் கேட்க ஆளில்லை.
லைப்ஸிக்கிலிருந்து மகள் த்ஸ்வெதா அழைத்தால்
கேமரா கெட்டுவிட்டது என்பார்,
புதுசு வாங்கி அனுப்பட்டுமா என்பாள்,
வேண்டாம் வேண்டாம் என்பார்
இரண்டே சொல்லில், உதடு பட்டும் படாமல்.

சூப். தயிர். ஊறவைத்த ரொட்டி.
மாலை ஆறு மணிக்குத்
தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பார்.
நான்கு மாடிக்குக் கீழே பகடை உருளும்.
மேசைவிரிப்பின் கட்டங்களில்
ஒரு விரல் தானாக நகரும்.

பெங்கோவுக்குக் கோபம்.
இரண்டு லெவா பாக்கி,
அதற்குப் பயந்து ஒளிகிறான் கஞ்சன் என்று
எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.
மேலேயும் கேட்டது.
கேட்டதும் ஏனோ நிம்மதியாக இருந்தது:
கஞ்சனுக்குப் பல் இருக்கும்.

இரண்டாம் மாடி ஷிவ்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை
கதவைத் தட்டாமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.
பாலாடைக்கட்டி அடுக்கிச் சுட்ட பானித்ஸா.
மொறுமொறு ஓரம் நான்கையும் வெட்டி எடுத்துவிட்டு
நடுப்பகுதி மட்டும்.
ஸ்தாமெனுக்கு முகம் சுட்டது.
யார் சொன்னது இவளுக்கு?
எத்தனை பேருக்குத் தெரியும்?
அப்படியே அவள் வாசலில் திருப்பி வைக்கப் படியிறங்கினார்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று
சுவரைப் பார்த்துக்கொண்டு
முழுவதையும் தின்று முடித்தார்.

வெறும் தட்டோடு மேலே ஏறுவதா,
அவள் முகத்தில் விழிப்பதா?
இரண்டாம் மாடியையும் தாண்டி இறங்கிவிட்டார்.

லிண்டன் பூ உதிர்கிற ஜூன் மாதம்.
அவர் கழுத்துத்துணியோ மூக்குவரை.
பெங்கோ தலை தூக்கவில்லை.
பெஞ்சில் கிடந்த விதைப் பொட்டலத்தை மட்டும்
தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
கோபமா, கரிசனமா,
பெங்கோவிடம் அதையெல்லாம் கேட்க முடியாது.
பகடையை நீட்டினான்.

உருட்டினார்.
ஆறு. ஐந்து.
விழுந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,
துருக்கியர் விட்டுப்போன எண்களில்.
அதுதான் அந்தப் பெஞ்சின் சட்டம்.
எல்லோரும் காத்திருந்தார்கள்.
துணியைத் தாழ்த்தினார்.

"ஷேஷ்-பேஷ்."

ஒரு பிசிறில்லை.
பல் இருந்த காலத்திலும்
இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.
அவரே ஒரு கணம்
வேறு யார் சொன்னது என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

மடியில் ஷிவ்காவின் தட்டு.
"இரண்டு லெவா," என்றான் பெங்கோ.