மூன்றாம் எச்சரிக்கை

அணையில் மூன்றாம் சங்கு ஊதிவிட்டது என்று
டிவியில் ஓடியபோது
செல்லூர் கடையில் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.
ஏட்டையா போன் போட்டார்:
"குருவம்மா, யானைக்கல் தரைப்பாலம். ஏழு மணி.
தொப்பியோட வாத்தா."
முழங்கை வரை ஒட்டிய மாவைக் கழுவிக்
காக்கியை மாட்டினேன்.
மாட்டியதும் நான் மாநில அரசு.
ஊர்க்காவல் படை.
டியூட்டிக்கு இவ்வளவு, மாதத்துக்கு இத்தனை டியூட்டி என்று
பொடி எழுத்தில் அச்சடித்த அரசு.

என் வீட்டுக்காரர் சோணைமுத்து
கப்பலூரில் லேத் ஓட்டுகிறவர்.
வருஷத்தில் இரண்டு மாதம்
கோயம்புத்தூர் முகாமில் பச்சை உடுப்பு, துப்பாக்கி,
பிரதேச ராணுவம்.
அந்த இரண்டு மாதம் அவர் மத்திய அரசு.
மீதிப் பத்து மாதம்
ரேஷன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்று
பாமாயில் இருக்கா என்று கேட்கச் சொல்பவர்.

கயிறு கட்டிப் பாலத்தை மறித்தோம்.
பைக்கில் வந்த பையன் கேட்டான்:
"நீங்க போலீசா?"
இல்லை.
"அப்புறம் எதுக்கு நிறுத்துறீங்க?"
தண்ணீரைக் காட்டினேன்.
அதனிடம் அடையாள அட்டை கேட்க
அவனுக்குத் தோன்றவில்லை.

எட்டரைக்குக் கலெக்டர் ஆபீசிலிருந்து
ஒரு கடிதம் கிளம்பியதாம்.
ஆள் போதாது, படகு போதாது, ராணுவம் வேண்டும்.
அது சென்னைக்குப் போனதாம், ஒரு கையெழுத்து.
டெல்லிக்குப் போனதாம், ஒரு கையெழுத்து.
கோயம்புத்தூருக்கு வந்ததாம்.
ஏட்டையா சொல்லச் சொல்ல
நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கடிதம் ஊர் ஊராகப் போய் வருவதற்குள்
ஆறு படியை வைகை விழுங்கியிருந்தது.
ஆழ்வார்புரம் இறக்கத்தில் ஓர் ஆட்டோ மிதந்தது,
முகப்பு விளக்கு எரிந்தபடியே.

ராத்திரி இரண்டு மணிக்கு லாரிகள்.
நாலாவதிலிருந்து குதித்தவர்களில் அவரும் ஒருத்தர்.
தங்கச்சி சீர் விஷயத்தில் சண்டை போட்டு
மூன்று வாரமாகப் போன் எடுக்காதவர்.

ஒரே குடைக்குக் கீழே
தாசில்தார், இன்ஸ்பெக்டர், கேப்டன்.
யார் யாருக்குக் கீழே என்று பேச்சு.
எங்கே போகணும் என்பதைக் கூப்பிட்டவர் சொல்லலாமாம்.
எப்படிப் போகணும் என்பதை
வந்தவரின் அதிகாரிதான் சொல்லணுமாம்.
குடை மூவருக்கும் போதவில்லை.

அவர் படகைத் தோளில் வைத்து
படித்துறைப் பக்கம் இறங்கப் போனார்.
"அங்கிட்டு போகாதீங்க!" கத்திவிட்டேன்.
"சாக்கடை மூடியத் திறந்து போட்டிருக்கான் கார்ப்பரேஷன்காரன்!"
(அது மூன்றாவது அரசு.
அந்த ராத்திரி அதை யாரும் பார்க்கவில்லை.)
அவருடைய ஹவில்தார்
இடது, இடது என்று கூவிக்கொண்டிருந்தார்.
சோணைமுத்து நின்றார்.
என் தொப்பியைப் பார்த்தார், பிறகு என்னை.
வலது பக்கம் திரும்பினார்.
படகும் அதைச் சுமந்த ஏழு பேரும்
அவரோடு திரும்பினார்கள்.
அந்த ஒரு நிமிஷம் அவர் யார் கணக்கில் வேலை செய்தார்?
எந்த ரிஜிஸ்டரிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

விடியும்போது அறுபத்தோரு பேர்,
இரண்டு ஆடு, ஒரு தையல் மிஷின்.
மிஷினை விட்டு வரமாட்டேன் என்றவளை
மிஷினோடுதான் தூக்கி வந்தார்கள்.

சிம்மக்கல்லில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது.
சேறு காய்ந்த கையோடு கிளாசைப் பிடித்தார்.
பச்சை உடுப்பின் எல்லாப் பைகளையும் தடவினார்.
மத்திய அரசிடம் சில்லறை இல்லை.
இரண்டு டீக்கும் நான்தான் கொடுத்தேன்.

"அந்தச் சீர் விஷயம்..." என்றேன்.
"வீட்டுக்கு வந்து பேசுவோம்."
"எப்போ?"
"ரிலீவ் ஆர்டர் வரணும்ல."
லாரி ஆரன் அடித்தது. ஓடினார்.
கிளாசில் பாதி டீ மிச்சம்.
அதையும் குடித்துவிட்டு
டியூட்டிச் சீட்டில் கையெழுத்து வாங்கப் போனேன்.
நனைந்த காகிதத்தில் மை பரவி
இன்ஸ்பெக்டர் பெயர்
யார் பெயராகவும் இருக்கலாம் போலிருந்தது.

கிரைண்டரில் விட்டுவந்த மாவு
இந்நேரம் புளித்துப் பொங்கியிருக்கும்.