திருப்பிப் படுக்க வைத்தல்

இடம், மல்லாக்க, வலம்.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.
ஏழு வருஷமாக இந்த வார்டில்
சார்ட்டில் நான் போட்டதெல்லாம்
மூன்றே அம்புக்குறி.

ஹவில்தார் திம்மராயனுக்கு
மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது.
எண்பத்தெட்டில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கம்
ஒரு பனந்தோப்பில் நின்றுபோனது அது.
தூக்கத்தில் இந்தியில் கட்டளை போடுவார்.
விழித்திருக்கையில் ஒரே ஒரு முறை சொன்னார்:
"அந்தப் பக்கமிருந்தும் அம்மான்னுதான்மா கேட்டுச்சு."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
மூத்திரப் பையைக் காலி செய்தேன்.
அறுநூறு மில்லி என்று எழுதினேன்.

நவம்பரில் பேங்க்கிலிருந்து ஒரு பையன் வருவான்,
உயிரோடிருக்கிறார் என்று பதிவு செய்ய.
கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும்
மெஷினில் மூன்று தடவை சிவப்பு.
"மேல் பாதி மட்டும்னு போட்டுக்கப்பா" என்றார்.
சிரிக்கலாமா என்று பையனுக்குத் தெரியவில்லை.
பக்கத்துக் கட்டில் நாயக் எட்டியப்பன்
தொடையோடு முடிகிற காலைத் தட்டினார்:
"எனக்கு முக்கால்!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க
கிரானைட் அறுக்கிறார்கள்.
கிருஷ்ணகிரிக் கறுப்பு. கப்பலேறிப் போய்
யாருடைய பெயரையோ, இரண்டு தேதிகளையோ
வாங்கிக்கொள்ளும் கல்.
அந்த இரைச்சலில்தான் வார்டே தூங்கும்.

நேற்று கரண்ட் போனது.
ரம்பம் நின்றதும் ஆறு கட்டிலும் விழித்துக்கொண்டன.
ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.
அவருடைய காற்று மெத்தை
பஞ்சர் டயர் மாதிரி மெல்ல இறங்கியது.
முதுகுப் புண் ஆறி நாலு மாதம்தான் ஆகிறது.
இரண்டு கையையும் அடியில் கொடுத்து
முட்டி போட்டு உட்கார்ந்தேன்.
எட்டியப்பன் எக்ஸ்ரே உறையால்
எங்கள் இருவருக்கும் விசிறினார்.

"மரத்துப்போச்சாம்மா?"
"ஆமாம் சார்."
"எப்படி இருக்கு, சொல்லேன்."
"முதல்ல எறும்பு. அப்புறம் ஊசி.
இப்ப கை இருக்கிற மாதிரியே இல்ல."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நானும் எறும்புன்னுதான் நினைச்சேன்" என்றார்.
"பனையடியில படுத்துட்டமேன்னு திட்டிக்கிட்டேன்."

நாற்பது நிமிஷம்.
ரம்பம் மறுபடி கல்லைப் பிடித்தது.
என் கையை என்னால் எடுக்க முடியவில்லை.
தலைக்கு மேல் தொங்கும் கம்பியைப் பற்றி
அவர்தான் தன்னைத் தூக்கிக்கொண்டார்,
நான் வெளியே வர.

சார்ட்டில் இரண்டு மணிக் கட்டம் காலி.
மேட்ரன் கேட்டால்
வலம் என்று போட்டுவிடுவேன்.