வெள்ளையன், நாற்பத்தோரு கோடு

"ஓட வேண்டாம்,
பார்வைக்கு நின்னாப் போதும்" என்றார்
நாகலூர் பங்களாவை ரிசார்ட்டாக்குகிற ராசிபுரத்துக்காரர்.
செவ்வாய்ப்பேட்டையில் என் கடை.
மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன்.
இரண்டு மிக்ஸிகளைத் தள்ளிவிட்டு
கிராமபோனை இறக்கி வைத்தான் டிரைவர்.
கூடவே ஒரு சாக்கில் பதினேழு இசைத்தட்டு,
ஒன்பது உடைந்தவை.
சாக்கில் இன்னும் காப்பிக்கொட்டை வாசம்.

பாலிஷ் போட்டால் போதும்தான்.
அறுந்த ஸ்பிரிங்கைப் பார்த்த பிறகு
சும்மா மூடி வைக்க
எந்த மெக்கானிக்குக்குக் கை வரும்?

மோட்டார் பலகையைக் கழற்றினேன்.
அடியில் ஆணியால் கீறிய எழுத்து:
வெள்ளையன்.
அதன் கீழே கோடு கோடாக.
எண்ணினேன், நாற்பத்தொன்று.

மலையில் இந்தப் பேர் இன்னும் உண்டு.
வெள்ளக்கடையில் மிளகு விற்கும் ஒரு வெள்ளையன்
ஃபேன் ரிப்பேருக்கு என்னிடம் கடன் வைத்திருக்கிறான்.
துரைமார் நடுவே அந்தப் பேரைச் சொல்லி
யார் கூப்பிட்டார்களோ,
சிரிக்காமல்.

இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஊசி வைத்தேன்.
முதலில் அடைமழை.
மழைக்குள்ளிருந்து வயலின்கள், மூச்சடக்கிய பித்தளை.
பிறகு ஒருவன்
தூங்கும் வீட்டில் யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல்
பாடினான்.
எனக்குப் புரிந்தது மூன்று சொல்:
நிலா, நீ, குட்நைட்.

டிபன் கேரியரோடு குனிந்து நுழைந்த பூங்கொடி
"ஜலதோஷம் புடிச்சவனாட்டம் பாடறான்" என்றாள்.
சொல்லிவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று நிமிஷம்.
அதற்குள் ஒரு ஜோடி
மெழுகு தேய்த்த தரையில் எத்தனை சுற்று வரலாம்?
வெளியே பனி, பனிக்குள் ஆரஞ்சு மரங்கள்,
அடுத்த சண்டை வருமென்று
யாரும் நம்பாத ஒரு வருஷம்.
பாட்டு இழுக்கத் தொடங்கும்.
பாடுகிறவன் குரல் தூக்கத்தில் சரியும்.
உடனே திரைக்குப் பின்னால் ஒரு கை
சாவி கொடுக்கும்.
ஆட்டம் நிற்காது.
எந்த இடத்தில் அவர்கள்
கன்னத்தோடு கன்னம் வைப்பார்களென்று
அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும்.
பார்த்திருக்க முடியாது.
ஸ்பிரிங் இறுகும் கனத்தில் தெரிந்திருக்கும்.

நாற்பத்தொன்று எதுவோ.
சனிக்கிழமைகளா, வராத கூலியா.
இல்லை, அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டு
வந்து போன தடவைகளா.

"நின்னு போச்சுங்க. இன்னொருக்கா சாவி கொடுங்க."
கொடுத்தேன்.
எனக்குத் தோள் வலிக்கிற வரைக்கும் கேட்டாள்.
எங்கள் கல்யாணத்தில் மைக்செட்காரன் போட்ட பாட்டு
ஒன்றுகூட நினைவில்லை எங்களுக்கு.
கால் வைக்காத அந்தக் கூடம் மட்டும்
எப்படியோ ஞாபகம் வந்தது,
ஆடுகிற பக்கமிருந்தும்
திரையின் பக்கமிருந்தும்.

ஐந்து ரோட்டு சிக்னலில்
லாரி ஹாரன்களுக்கு நடுவே
என் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டு வந்தாள்,
மெட்டு தப்பு.

புதன்கிழமை எடுத்துப் போனார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
வேனுக்குள் அந்தக் கைப்பிடி ஆடியிருக்கும்.
ஓடும் என்று நான் சொல்லவில்லை.
பில்லில் எழுதியது: பாலிஷ், ஐநூற்று ஐம்பது.
ஸ்பிரிங்கை எழுதவில்லை.
ரிசப்ஷனில் பெட்டி தூக்குகிற எவனாவது
விருந்தாளி வராத ஒரு மத்தியானம்
சும்மா
சுற்றிப் பார்ப்பான்.