பெயருக்கு ஒரு கைனேஸ்

கிம் மோ உணவங்காடி நிலையத்தில்
பன்னிரண்டு ஐம்பதுக்கு
காலியாக இருக்கும் ஒரே நாற்காலியில்
ஒரு டிஷ்யூ பொட்டலம் உட்கார்ந்திருக்கிறது.
அரை வெள்ளி பெறாது.
ஆனாலும் இந்த ஊரில்
அதை நகர்த்திவிட்டு அமரும் துணிவு
யாருக்கும் கிடையாது.
தட்டேந்தி நிற்கிறோம் நானும் பெக் சூவும்.
மீன் சூப்பில் ஆவி அடங்கிக்கொண்டிருக்கிறது.

காலையிலிருந்து அவள் கேட்பது ஒன்றைத்தான்:
"இது கைனேஸா இல்லையா, சொல்லு லா."

மடிப்பைப் பார்த்தால் கைனேஸ்.
இரண்டு மடல், நடுவே பிளவு,
பிளவில் ஏடிபி வந்து ஒண்டும் மூலை,
எல்லாம் குலமுறைப்படி.
அந்தக் குலத்துக்குத் தொழில்
ஏடிபியிடமிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி
அடுத்த புரதத்தின் தோளில் மாட்டுவது.
முத்திரை குத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம்
நூற்றுச் சொச்சம் புரதங்களை
அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.
ஒன்றின் மீதும் குத்தவில்லை.
ஒவ்வொரு முறையும் ஃபிலிம்
கழுவிய கரும்பலகை.

வடிவப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த
ஒரு ராத்திரிதான் உறைத்தது:
விருந்தாளி உட்கார வேண்டிய பள்ளத்தில்
தன் உடம்பின் ஒரு துண்டையே
மடித்துப் போட்டு வைத்திருக்கிறது.
தமிழில் இதைத் துண்டு போடுவது என்போம்.
பெக் சூவுக்கு விளக்க
டிஷ்யூ பொட்டலம்.

க்யூ என்றால் இங்கே எல்லோருக்கும் வரிசை.
எனக்கு அது எண்ணெயில் நீந்தும் ஒரு மூலக்கூறு.
தலையில் வளையம், பின்னால் பத்துக் கணு வால்,
மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில்
எலக்ட்ரான் சுமக்கும் துணைநொதி.
பாதி செய்த நிலையில்
அது கொழுப்புக்குள் அமிழ்ந்து கிடக்கும்.
செதுக்க வேண்டிய நொதிகள்
கரையில் கைகட்டிக் காத்திருக்கும்.
யாரோ ஏடிபியைச் செலவழித்து
அதை மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும்.
அந்த யாரோ
இதுவாக இருக்கலாம்.
'தூக்குகிறது' என்று நான் எழுதினால்
டாக்டர் கோ சிவப்பு மையில்
'லாம்' போட வைப்பார்.
தூக்கலாம்.

போன மார்ச்சில் ஒரு விஷமம் செய்தேன்.
அலனின் இருந்த இடத்தில் கிளைசின்.
ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் குறைவு,
அவ்வளவே.
ஃபிலிமில் கறுப்பு விழுந்தது!
வேறு யார் மீதும் இல்லை,
தன் மேல் தானே குத்திக்கொண்ட முத்திரை.
கைனேஸ் கைனேஸ் என்று
பெக் சூ மேசையைத் தட்டினாள்,
பிப்பெட் முனைகள் சிதறி ஓடின.

மூன்று நாள் கழித்து ஈஸ்ட் தட்டுகளைத் திறந்தோம்.
க்யூ இல்லை.
கிளிசரால் மேல் ஒரு புள்ளிகூட
முளைத்திருக்கவில்லை.
பெயருக்கு உண்மையாக நடந்துகொண்ட அன்றே
அது வேலையை விட்டுவிட்டது.

மைனஸ் எண்பதில்
பதினான்காம் எண் குப்பி.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது; தெரியாது.
மருத்துவமனைச் சீட்டில் இரண்டு வரி:
ஒன்பது வயது, சுவர் பிடித்து நடக்கிறாள்.
எழுதும் வரிகள் வலப்பக்கம் சரிகின்றன.
எந்த மொழியின் வரிகள் என்று
யாரும் குறிக்கவில்லை.

அவளுடைய புரதத்திலும் ஓர் எழுத்துத்தான் பிழை,
வேறோர் இடத்தில்.

புவன விஸ்தா ரயில் நிலையத்தில் மின்படியேறும்போது
கைப்பிடியை இறுகப் பற்றிய ஒவ்வொரு சிறுமியையும்
ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறேன்.
தப்பு.
தெரிந்துதான் பார்க்கிறேன்.

"சரி, கைனேஸ் இல்லை" என்கிறேன்.
"அப்போ பேரை மாத்து லா."
பேர் இருந்துவிட்டுப் போகட்டும்.

பொட்டலத்துக்குரியவர் இன்னும் வரவில்லை.
தூணோரம் நின்றபடியே
சூப்பைக் குடித்து முடித்தோம்.