எட்டுப் பேர் வேணும்

சுயேட்சைக் குழுவென்றால் எட்டுப் பேர் வேணும்.
கட்டுப்பணம் தலைக்கு இரண்டாயிரம்,
எட்டையும் வினாசித்தம்பியே கட்டுவார்.
இது ஆறாம் தரம்.

நீர்ப்பாசனத்தில் வாய்க்கால் பார்த்தவர்.
துண்டுப்பிரசுரத்தில் எப்பவும் ஒரே வரி:
மாரி வெள்ளம் வயலுக்குள் ஏற முந்தி
முகத்துவாரம் வெட்டுவோம்.
"சரியான கதை" என்பார்கள் எல்லாரும்.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பார்கள்.

போனமுறை சின்னம் கேத்தில்.
இம்முறை கச்சேரியில் கிடைத்தது வாளி.
"வாளி நல்லது கா, இல்லாத வீடு எது?"
களுவாஞ்சிக்குடி பஸ்ஸில்
மிதிபலகையில் தொங்கியவனிடமும் சொன்னார்.

பட்டியலில் அவர், மச்சான், சலூன் யோகராசா,
கட்டாருக்குப் போனவனுக்குப் பதிலாய் அவன் தம்பி,
டயர் ஒட்டும் நான்.
மற்ற மூவரைச்
சமாதான நீதவான் வீட்டுப் படலையில்தான் கண்டேன்.

விடிய நாலு மணிக்கு ரேடியோவில்
பட்டிருப்புத் தொகுதி வந்தது.
எங்கள் குழுவை வாசிக்கவில்லை.
பத்து மணிக்குக் கச்சேரிக்குப் போய்
கொப்பியில் எழுதி வந்தார்:
பத்தொன்பது.

எட்டு வீட்டிலும் வாக்குள்ளவர்
முப்பத்தொரு பேர்.
வாய்க்கால் அளந்த மனிசனுக்குக்
கழித்தல் தெரியாதா?

நேரே கடைக்கு வந்தார்.
சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொன்னார்.
"உன்ர அடையாள அட்டை இலக்கம் பழசுதானே?
அடுத்தமுறை ஆளுக்கு அலைய ஏலாது."

ஓம் என்றேன்.
பம்ப் பிடித்த கையின் சின்னவிரலில்
மை கிடந்தது.
அதையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு,
பின்சில்லையும் ஒருக்காப் பார்
என்றார்.