பிரேக் விரல்

பெருவிரலின் அடிமூட்டில்
யாரோ கண்ணாடியை அரைத்து வைத்திருந்தார்கள்.
இரவு இரண்டு மணி.
போர்வையின் நுனி பட்டது.
நான் கத்தினேன்.
யோகமலர் லைற்றைப் போட்டு
கட்டிலுக்குக் கீழே பாம்பு தேடினாள்.

இரத்தம் பார்த்த கடுதாசியில்
எட்டுத் தசம் நாலு.
எண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது,
அரை டிக்கெட்டுக்கும் காணாது.

அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு
விடிய நாலே முக்கால் பஸ் என்னுடையது.
வலது கால் என்னுடையதல்ல,
டிப்போவினுடையது.
பிரேக்கும் அதுதான், எக்ஸிலேற்றரும் அதுதான்.
சப்பாத்துக்குள் விரல் போகமாட்டேன் என்ற நாட்களில்
ஐம்பத்திரண்டு சீவன்
ஒரு விரலின் குணத்தை நம்பி ஏறி இருக்கும்.

பஸ்ஸில் எல்லாருக்கும் வைத்தியம் தெரியும்.
நிந்தவூரில் ஏறியவர் தக்காளி நஞ்சென்றார்.
காரைதீவு ரீச்சர் பருப்பை விடச் சொன்னா.
பாண்டிருப்பில் ஒருவர்
செம்புக் காப்புப் போடு என்றுவிட்டு
மிச்சக் காசை மறந்து இறங்கிப் போனார்.

கல்முனை டொக்டர் றிஸ்னாவுக்குச் சிரிப்பு.
"பருப்போட உங்களுக்கு என்ன கோவம்?
ஈரல், சூடை, கீரி, இறால்,
பஸ் ஸ்டாண்டில குடிக்கிற அந்தச் சிவப்புச் சோடா,
இதுகளோட சங்காத்தத்தைக் குறையுங்க.
குளிசையை விடாதீங்க.
மறுகா, தண்ணி.
மூண்டு லீற்றர்."

மூண்டு லீற்றர்!
டைம்ரேபிள் எழுதினவனுக்குச்
சலப்பை இருந்ததில்லை.
கல்லாறு தாண்டவே முட்டும்.
களுவாஞ்சிக்குடியில் நான் குதித்து நொண்டி ஓட,
படியில் நின்று சிறாஜ்தீன் சொல்வான்:
"டிரைவர் தண்ணி பாக்கப் போறார்."
பொய்யும் இல்லை.

வீட்டில் என் கோப்பை வெளிறிவிட்டது.
பீர்க்கங்காய்ப் பால்கறி, ஒரு முட்டை,
எருமைத் தயிர்.
பிள்ளைகளுக்கான நண்டை
யோகமலர் தங்கச்சி வீட்டில் சமைக்கிறாள்.
வரும்போது
விரல் விரலாகத் தேசிக்காய் தேய்த்துக்கொண்டு வருகிறாள்.
பதினெட்டு வருசத்தில்
எனக்குத் தெரியாமல் அவள் செய்யும் முதல் காரியம்.
எனக்குத் தெரியும்.
தெரியாத ஆள்போலத் தயிரைப் பிசைகிறேன்.

நேற்று ஓந்தாச்சிமடப் பாலத்தடியில்
கிழக்கு வெளுக்கவில்லை.
முன்னால் போன மீன்காரரின் மோட்டார்சைக்கிள்
நாய்க்கு விலத்திச் சரிந்தது.
மிதித்தேன்.
காலில் இருந்த கண்ணாடி முழுவதும்
ஒரேயடியாக நொறுங்கி உச்சிக்கு ஏறியது.
பஸ் நின்றது,
அவருடைய சாரத்துக்கும் பம்பருக்கும் நடுவில்
ஒரு சாண்.

ஹெட்லைற் வெளிச்சத்தில்
உடைந்த பெட்டியிலிருந்து நண்டுகள் புறப்பட்டன,
என்னைத் திரும்பியும் பாராமல்,
பக்கவாட்டாக,
வாவியின் திசைக்கு.
ஒரு பயணி பிடிக்க இறங்கினார்.
"விடுங்க, போகட்டும்" என்றேன்.
ஏன் சொன்னேனோ தெரியாது.

மீன்காரர் எழும்பி மண்ணைத் தட்டினார்.
பேச்சு வரவில்லை.
அரைக் கிலோ இறாலை ஐஸோடு அள்ளி
ஒரு பையில் போட்டு
யன்னலால் என் மடியில் வைத்தார்.
வேண்டாம் என்று சொல்ல
அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

கியருக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டேன்.
குருக்கள்மடம், கிரான்குளம்.
பை எங்கோ பொத்திருந்தது.
ஆரையம்பதியில் முதற்சொட்டு
விரலில் விழுந்தது.
காத்தான்குடிக்குள் இன்னொன்று.
கல்லடிப் பாலத்தில் ஏறியபோது
நான் எண்ணுவதை விட்டிருந்தேன்.

மட்டக்களப்பு ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள்.
சப்பாத்தைக் கழற்றி
பையைத் தூக்கிக் கால்மேல் வைத்தேன்.
இருபது இறால் இருக்கும்,
மீசையோடு,
நெருப்பை உறிஞ்சிக்கொண்டு.

சிறாஜ்தீன் பையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"அண்ணன், இது உங்களுக்குக் கூடாதே."

"பொறுடா" என்றேன்,
"ஐஸ் கரைஞ்சாப் புறகு
நீ கொண்டு போ."